கிரயமும் வேண்டும், தாமதத்துக்கு நட்டஈடும் வேண்டும்: நட்டத்தை நிரூபிப்பது எப்படி?

வீடு வாங்க அக்ரிமென்ட் போட்டாகிவிட்டது. முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. குறித்த தேதியில் விற்பவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவில்லை. இன்று, நாளை என்று இழுத்து, கடைசியில் கோர்ட்டுக்குப் போய்த்தான் கிரயப் பத்திரம் வாங்க வேண்டியிருக்கிறது. அதற்குள் நான்கு வருடம் ஓடிவிடுகிறது. வீடு கிடைத்துவிட்டது சரி, அந்த நான்கு வருடத்துக்கு என்ன பதில் என்று வாங்கியவர் கேட்கிறார்.

கேள்வி நியாயமானது. சட்டமும் கதவை மூடவில்லை. ஆனாலும் பத்திரத்தோடு சேர்த்து நட்டஈடு கேட்கும் பலர் பத்திரத்தை மட்டுமே பெறுகிறார்கள். "இவ்வளவு தாமதம் ஆனது" என்று காட்டுவதோடு அவர்கள் நின்றுவிடுவதே பெரும்பாலும் காரணம். தாமதம் வேறு, தாமதத்தால் வந்த நட்டம் வேறு. இரண்டையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும்.

அடிப்படை: சட்டம் என்ன தருகிறது?

ஒப்பந்தத்தில் சொன்னதைச் சொன்னபடியே செய்யச் சொல்லிப் போடுவது "ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு". இதற்கான சட்டம் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீருதவிச் சட்டம், அதாவது ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட். 2018இல் இதில் பெரிய திருத்தம் வந்து, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு, பத்திரம் எழுதித்தரச் சொல்லி உத்தரவிடுவதா வேண்டாமா என்பது நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்தில் சொன்ன விலக்குகள் தவிர மற்றபடி உத்தரவிட்டே ஆக வேண்டும் என்று ஆனது.

நட்டஈட்டைப் பற்றிப் பேசுவது 21ஆம் பிரிவு. சாரம் இவ்வளவுதான்:

1. ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கிலேயே, அதோடு கூடுதலாக நட்டஈடும் கேட்கலாம்.
2. பத்திரம் எழுதித்தர உத்தரவிட முடியாத நிலை, ஆனால் ஒப்பந்தத்தை மீறியது பிரதிவாதிதான் என்றால், நட்டஈடாவது தர வேண்டும்.
3. பத்திரம் கிடைத்தாலும் அது மட்டும் நியாயத்துக்குப் போதாது என்று கோர்ட் கருதினால், நட்டஈடும் சேர்த்துத் தர வேண்டும்.
4. தொகையைக் கணக்கிடும்போது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவின் கொள்கைகளைப் பின்பற்ற வேண்டும்.
5. பிராதில், அதாவது வழக்கு மனுவில், கேட்காத நட்டஈட்டைக் கோர்ட் தராது. ஆனால் வழக்கின் எந்தக் கட்டத்திலும் பிராதைத் திருத்திக் கேட்க அனுமதி உண்டு.

தாமதத்துக்கான நட்டஈடு இதில் மூன்றாவது வகை. பத்திரத்துக்குப் பதிலாகக் கேட்கும் நட்டஈடும், பத்திரத்தோடு சேர்த்துக் கேட்கும் நட்டஈடும் ஒன்றல்ல. முதலாவதில் வீட்டின் பேசிய விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் கணக்கில் வரும். இரண்டாவதில் அது வரவே வராது, ஏனென்றால் வாங்குபவருக்குப் பழைய விலையிலேயே வீடு கிடைத்துவிடுகிறது, விலை ஏற்றத்தின் பலன் ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது. "60 லட்சத்துக்குப் பேசிய வீடு இன்று 90 லட்சம், எனவே 30 லட்சம் நட்டம்" என்று பத்திரமும் கேட்டுக்கொண்டே எழுதினால், ஒரே பலனை இரண்டு தடவை கேட்பதாகத்தான் ஆகும்.

பிராதில் இல்லாவிட்டால் கையில் இல்லை

மேலே சொன்ன ஐந்தாவது விதியை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கக் கூடாது. 2004இல் சம்சு சுஹாரா பீவி எதிர் ஜி. அலெக்ஸ் வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் பத்திரத்துக்கான டிக்ரியோடு (தீர்ப்பாணையோடு) நட்டஈடும் கொடுத்திருந்தது. பிராதில் அதற்கான கோரிக்கை இல்லை. உச்ச நீதிமன்றம் நட்டஈட்டுப் பகுதியை ரத்து செய்தது. 2022இல் யுனிவர்சல் பெட்ரோ கெமிக்கல்ஸ் எதிர் பி.பி. வழக்கிலும் இதே முடிவுதான் வந்தது. ஒப்பந்தக் காலமே முடிந்து போயிருந்த அந்த வழக்கில் நட்டஈடாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். பிராதில் கேட்கவில்லை, திருத்தவும் இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தனி வழக்காகப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிட முடியாது. ஏற்றதை ஆற்றக் கோரிய வழக்கு தள்ளுபடியானால், அதே மீறலுக்கு நட்டஈடு கேட்டுத் தனி வழக்குப் போட குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடை விதிக்கிறது. வழக்கில் ஜெயித்தாலும், ஒரே காரணத்தில் எழுந்த கோரிக்கைகளைப் பிரித்துப் பிரித்துக் கேட்கக் கூடாது என்ற சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 2, விதி 2 குறுக்கே வரும். எனவே முதல் பிராதிலேயே, எந்தத் தேதியிலிருந்து, மாதம் எவ்வளவு, எந்தத் தலைப்பில் என்று எழுதிவிட வேண்டும். "பத்திரம் பதிவாகும் நாள் வரை" என்று காலத்தைத் திறந்து வைத்து எழுதினால் வழக்கு நடக்கும் காலத்துக்கும் சேர்த்துக் கேட்டதாகும். கோரும் தொகைக்கு ஏற்பக் கோர்ட் கட்டணம் கூடும்தான். அதற்குப் பயந்து விட்டுவிடுபவர்கள் நிறைய. ஆதாரம் உள்ள தொகையை மட்டும் கேட்டால் கட்டணமும் தாங்கக்கூடியதாகவே இருக்கும்.

எந்த நட்டம் கணக்கில் வரும்?

73ஆம் பிரிவு இரண்டு வகை நட்டத்தை ஏற்கிறது. மீறலால் வழக்கமாக, இயல்பாக வரக்கூடிய நட்டம் ஒன்று. ஒப்பந்தம் போடும்போதே இப்படி ஒரு நட்டம் வரலாம் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நட்டம் மற்றொன்று. தொலைதூர, மறைமுக நட்டம் கிடையாது. 1854இல் இங்கிலாந்தில் ஹாட்லி எதிர் பாக்சன்டேல் வழக்கில் பிறந்த கொள்கைதான் இது. அங்கேயும் பிரச்சினை தாமதமே: மாவு ஆலையின் உடைந்த அச்சுத்தண்டு போய்ச் சேரத் தாமதமானதில், நின்றிருந்த ஆலை இன்னும் சில நாட்கள் ஓடாமல் கிடந்தது.

நம் சட்டத்தில் 73ஆம் பிரிவுக்குக் கீழேயே கொடுத்திருக்கும் உதாரணங்கள் பொன்னானவை. ஒன்றில், ஆலைக்கு வேண்டிய இயந்திரத்தைத் தாமதிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி ஒருவர் வண்டிக்காரரிடம் ஒப்படைக்கிறார். இயந்திரம் இல்லாமல் ஆலை நிற்கிறது என்றும் சொல்லிவிடுகிறார். வண்டிக்காரர் தேவையில்லாமல் தாமதிக்கிறார். அதனால் ஆலைக்காரர் லாபமான ஓர் அரசாங்க ஒப்பந்தத்தை இழக்கிறார். தாமதமான நாட்களுக்கு ஆலை ஓடியிருந்தால் சராசரியாக எவ்வளவு லாபம் வந்திருக்குமோ அது கிடைக்கும். அரசாங்க ஒப்பந்தம் போன நட்டம் கிடைக்காது.

இன்னொன்று வீடு பற்றியது. ஜனவரி 1க்குள் வீட்டைக் கட்டி முடித்துத் தருவதாகக் கட்டுநர் ஒப்புக்கொள்கிறார். அந்தத் தேதியில் வீட்டை வாடகைக்கு விட உரிமையாளர் ஏற்கெனவே ஒருவரிடம் ஒப்பந்தம் போட்டிருக்கிறார், அது கட்டுநருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. வீடு மோசமாகக் கட்டப்பட்டு இடிந்துபோகிறது. திரும்பக் கட்டிய செலவு, போன வாடகை, வாடகைக்கு வரவிருந்தவருக்குக் கொடுக்க நேர்ந்த நட்டஈடு, மூன்றும் கட்டுநர் தலையில் விழும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விற்பவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது என்று புரியும். வீட்டை வாங்கிக் கீழ்தளத்தில் மருந்துக் கடை வைக்கப்போவதாக வாங்குபவர் மனதுக்குள் திட்டமிட்டிருந்தால் போதாது. அக்ரிமென்டில் ஒரு வரி, அல்லது அதற்கு முன்பு அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் கடை லாபத்தைப் பற்றிப் பேச இடம் உண்டு. இல்லாவிட்டால் அந்த இடத்துக்குக் கிடைத்திருக்கும் சாதாரண வாடகையோடு நிற்க வேண்டியதுதான். மன உளைச்சல் என்ற தலைப்பிலும் சிவில் கோர்ட் பொதுவாக எதுவும் தருவதில்லை.

கணக்கு: கூட்டுவதோடு கழிக்கவும் வேண்டும்

பலர் சறுக்கும் இடம் இது. எனவே எண்களோடு பார்ப்போம். எண்கள் புரிவதற்காக வைத்துக்கொண்டவை.

நட்டஈட்டின் நோக்கம், ஒப்பந்தம் சரியான தேதியில் நிறைவேறியிருந்தால் வாங்குபவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் முடிந்தவரை அந்த நிலையில் அவரை வைப்பது. அதற்கு மேல் இல்லை. எனவே தாமதத்தால் போனதோடு, தாமதத்தால் மிச்சமானதையும் பார்க்க வேண்டும்.

வீட்டு விலை 60 லட்சம். முன்பணம் 15 லட்சம். மீதி 45 லட்சத்தில் 35 லட்சம் 8.5 சதவீத வங்கிக் கடன், 10 லட்சம் வாங்குபவரின் வைப்புநிதி, அதற்கு 6.5 சதவீத வட்டி. வாங்குபவர் இப்போது மாதம் 14,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறார்.

முதல் பார்வையில் மாதம் 14,000 ரூபாய் நட்டம். 30 மாதத் தாமதத்துக்கு 4,20,000. பிராதில் இப்படி எழுதினால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே கேள்வி கேட்பார். கடனை வாங்கினீர்களா? இல்லை. வைப்புநிதி வட்டி வந்துகொண்டிருக்கிறதா? ஆமாம். அப்புறம் அவர் கணக்குப் போட்டுக் காட்டுவார்: 35 லட்சத்துக்கு வருட வட்டி 2,97,500, மாதத்துக்குச் சுமார் 24,800. வைப்புநிதியில் வந்த வட்டி மாதம் சுமார் 5,400. ஆக மாதம் 30,200 ரூபாய் மிச்சம், 14,000 ரூபாய் செலவு. வாடகை வகையில் நட்டமே இல்லை என்று வாதாடுவார்.

கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் நம் ஊர்களில் வீட்டு வாடகை வருமானம் கடன் வட்டியை விடக் குறைவாகவே இருப்பதால், பெரும்பகுதி விலையை இன்னும் கொடுக்காதவருக்கு வெறும் வாடகைக் கணக்கு பல சமயம் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது.

இப்போது அதே வீட்டில் வாங்குபவர் 57 லட்சம் கொடுத்துவிட்டார், பாக்கி 3 லட்சம்தான் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமான வட்டி மாதம் 1,625 ரூபாய். 14,000இல் அதைக் கழித்தால் 12,375. 30 மாதத்துக்கு 3,71,250 ரூபாய். இந்தக் கணக்கு நிற்கும். யார் எவ்வளவு பணத்தைத் தாமதக் காலம் முழுக்க விற்பவரிடம் விட்டு வைத்திருந்தார் என்பதுதான் முக்கியம்.

வாடகை தவிர, தனியாக நிரூபிக்கக்கூடிய வேறு சில தலைப்புகளும் உண்டு:

1. கூடிப்போன பதிவுச் செலவு. கிரயப் பத்திரத்துக்கான மதிப்பு பதிவு செய்யும் காலத்தைப் பொறுத்தது, அக்ரிமென்ட் போட்ட காலத்தைப் பொறுத்ததல்ல என்று 2007இல் ராஜஸ்தான் அரசு எதிர் கண்டாகா ஜெயின் ஜுவல்லர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் கோர்ட் டிக்ரியின்படி எழுதப்பட்ட பத்திரம்தான். தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் சொத்து மதிப்பு) 33 சதவீதம் குறைந்தது, பதிவுக் கட்டணம் 1லிருந்து 4 சதவீதமானது. 2023இல் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்கு ஏற்றப்பட்டு, பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தது. இப்படி மாறும்போது, பேசிய விலை 60 லட்சமாகவே இருக்க வழிகாட்டி மதிப்பு 72 லட்சமாகிவிட்டால், கூடுதல் 12 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து 1,08,000 ரூபாய் வாங்குபவர் தலையில் விழுகிறது. குறித்த தேதியில் பதிவு நடந்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. அரசு ஆவணத்தைக் காட்டியே நிரூபிக்கலாம் என்பதால் மிக வலுவான தலைப்பு இதுதான்.
2. காலாவதியான கடன் அனுமதிக்காகக் கட்டிய செயலாக்கக் கட்டணம், திரும்ப வாங்கிய சட்டக் கருத்துரை, மதிப்பீட்டுச் செலவு.
3. வீட்டைப் பராமரிக்காமல் விட்டதால் வந்த சேதம், கட்டாமல் விட்ட சொத்து வரி பாக்கி.
4. காலி செய்வதாகச் சொல்லிவிட்ட வாடகை வீட்டில் தொடர்ந்து இருக்க நேர்ந்ததால் கூடிய வாடகை, அல்லது அவசரமாக வேறு வீடு மாறிய செலவு.

தான் கட்டிய வாடகை, புது வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் வாடகை என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கக் கூடாது. ஒருவர் அந்த வீட்டில் குடியேறியிருப்பார், அல்லது வாடகைக்கு விட்டிருப்பார். இரண்டும் நடந்திருக்காது. எது நடந்திருக்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்து கடைசி வரை அதையே சொல்ல வேண்டும்.

நிரூபிப்பது: ஐந்து கண்ணிகள்

கோர்ட் கேட்பது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் தொகை போய்விடும்.

1. கடமை தவறிய தேதி. அக்ரிமென்டில் தேதி இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் "இந்த நாளில் பதிவுக்கு வாருங்கள்" என்று அனுப்பிய நோட்டீஸ் அந்தத் தேதியை உருவாக்கித் தரும். அசையாச் சொத்து ஒப்பந்தங்களில் காலக்கெடு உயிர்நாடி அல்ல, அதாவது தேதி தவறியதற்காக மட்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட முடியாது என்பது பொதுவான ஊகம். அதனால் நட்டஈடு கிடையாது என்று பயப்பட வேண்டாம். உயிர்நாடி அல்லாத காலக்கெடுவைத் தவறவிட்டாலும் அதனால் வந்த நட்டத்துக்கு ஈடு உண்டு என்று ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவே சொல்கிறது.

2. வாங்குபவர் தயாராக இருந்தார். விலையைக் கொடுக்கப் பணமும் மனமும் இருந்தது என்பதை, குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி வாதிதான் நிரூபிக்க வேண்டும். பணம் இல்லாதிருந்தால் தாமதத்துக்குக் காரணம் விற்பவர் மட்டுமல்ல என்றாகிவிடும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. "பணம் வங்கியில் தயாராக இருந்தது" என்பது இந்தக் கண்ணியைக் கெட்டியாக்குகிறது, அதே பணத்தின் வட்டி நட்டக் கணக்கிலிருந்து கழிகிறது. மறைக்கப் பார்த்தால் இரண்டும் கெடும். கணக்கில் தானாகவே கழித்துக் காட்டிவிடுவது நல்லது. அப்படிச் செய்பவரின் மற்ற எண்களையும் நீதிபதி நம்புவார்.

3. காரணத் தொடர்பு. நட்டம் விற்பவரின் தாமதத்தால் வந்தது, வேறு காரணத்தால் அல்ல. வங்கி கடன் அனுமதியை ரத்து செய்தது வருமானச் சான்று சரியில்லாததால் என்றால் அந்தக் கட்டணம் விற்பவர் கணக்கில் சேராது.

4. தொகை. நட்டம் நடந்ததா என்பதற்கு உறுதியான சாட்சியம் வேண்டும். எவ்வளவு என்பதில் கோர்ட் ஓரளவு நியாயமான மதிப்பீட்டை ஏற்கும். துல்லியமாகக் கணக்கிட முடியாது என்பதற்காக ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடாது. ஆனால் மதிப்பிடவும் ஒரு பிடிமானம் வேண்டும்: வாடகை ஒப்பந்தம், வங்கி வழியாகப் போன வாடகை, அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு என்ன வாடகை என்று சாட்சி சொல்லக்கூடிய ஒருவர். வாதி கூண்டில் ஏறி "மாதம் இருபதாயிரம் போகும்" என்று சொன்னால் மட்டும் போதாது.

5. நட்டத்தைக் குறைக்க எடுத்த முயற்சி. 73ஆம் பிரிவின் விளக்கம் இதைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 1961இல் முரளீதர் சிரஞ்சிலால் எதிர் ஹரிச்சந்திர துவாரகதாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. வேறு வீடு வாங்கியிருக்க வேண்டும் என்று இங்கே யாரும் எதிர்பார்க்க முடியாது, பேசிய வீட்டைத்தானே அவர் கேட்கிறார். ஆனால் 14,000 ரூபாய் வீட்டை விட்டு 40,000 ரூபாய் வீட்டுக்கு மாறிவிட்டு அதை விற்பவர் மேல் போட முடியாது. வழக்குப் போடாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்த காலத்துக்கும் கேட்பது கஷ்டம். வழக்குப் போடச் சட்டம் தரும் காலம் 3 ஆண்டு. அதற்குள் போட்டாலும் சும்மா இருந்த காலம் கேள்விக்கு உள்ளாகும். கே.எஸ். வித்யானந்தம் எதிர் வைரவன் வழக்கு மதுரை வீடு ஒன்றைப் பற்றியது. ஆறு மாதக் கெடு போட்ட ஒப்பந்தத்தில் வாங்குபவர் இரண்டரை ஆண்டு எதுவும் செய்யாமல் இருந்ததைக் காட்டி, 1997இல் உச்ச நீதிமன்றம் பத்திரத்தையே மறுத்தது. விருப்புரிமை இருந்த காலத்துத் தீர்ப்புதான் என்றாலும், சும்மா இருந்ததற்குக் காரணம் கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

ஆவணங்களில் வாட்ஸ்அப், மின்னஞ்சல், வங்கி ஆப் அறிக்கைகள் இருந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். போனை மாற்றும்போது பழைய உரையாடலை அழித்துவிடாதீர்கள். இரண்டாவது கண்ணியும் மூன்றாவது கண்ணியும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அக்ரிமென்டிலேயே தொகை எழுதியிருந்தால்?

"தாமதமானால் மாதம் 10,000 ரூபாய்" என்று எழுதியிருந்தால் நிரூபிக்கவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. எழுதிய தொகை உச்ச வரம்புதான், அதற்குள் நியாயமானது கிடைக்கும். 2015இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் எதிர் டெல்லி வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: நட்டமே இல்லாதபோது 74ஆம் பிரிவைக் காட்டி எதுவும் வாங்க முடியாது. நட்டத்தை நிரூபிப்பது கடினம் அல்லது முடியாது என்ற இடத்தில், அந்தத் தொகை நேர்மையான முன்மதிப்பீடாக இருந்தால் அதைத் தரலாம். அதனால் எப்படி அந்தத் தொகைக்கு வந்தோம் என்று அக்ரிமென்டிலேயே ஒரு வரி சேர்ப்பது பின்னால் பெரிய உதவி.

பில்டரிடம் வாங்கியவர்களுக்கு வேறு பாதை

புது அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்கு இவ்வளவு பாரம் இல்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 18ஆம் பிரிவின்படி, திட்டத்திலிருந்து விலகாமல் காத்திருப்பவருக்கு, வீடு கையில் வரும் வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி உண்டு. அந்த வட்டிக்கு, தனக்கு என்ன நட்டம் என்று காட்ட வேண்டியதில்லை. நுகர்வோர் ஆணையத்திலும் வழி இருக்கிறது. 2020இல் பெங்களூரு திட்டம் ஒன்று குறித்த அரிஃபுர் ரஹ்மான் கான் எதிர் டி.எல்.எஃப். சதர்ன் ஹோம்ஸ் வழக்கில், ஒப்பந்தம் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்று மட்டும் சொல்லியிருந்தும், அதற்கு மேல் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியை உச்ச நீதிமன்றம் கொடுத்தது. வீட்டையும் வாங்கிக்கொண்டு தாமதத்துக்கும் ஈடு பெற்றார்கள். தனி ஆளிடம் பழைய வீடோ மனையோ வாங்கியவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவருக்கு மேலே சொன்ன ஐந்து கண்ணிகள்தான்.

வழக்குக்கு முன்பே விற்பவர் இறங்கி வந்தால்

விற்பவர் திடீரென்று சமாதானமாகி, "வாருங்கள், பதிவு செய்து தருகிறேன்" என்று சொல்வதும் நடக்கும். சந்தோஷத்தில் உடனே போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். காலக்கெடு உயிர்நாடி என்று எழுதிய ஒப்பந்தமாக இருந்தால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. தாமதமான நிறைவேற்றத்தை ஏற்கும்போதே, நட்டஈடு கேட்பேன் என்று அறிவித்திருந்தால்தான் பிறகு கேட்க முடியும் என்கிறது ஒப்பந்தச் சட்டம் 55ஆம் பிரிவின் கடைசிப் பகுதி. எனவே பதிவுக்குப் போகும் முன்பே பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: இந்தத் தேதிக்குப் பதில் இந்தத் தேதியில் கிரயம் பெற்றுக்கொள்கிறேன், இடைப்பட்ட காலத்துக்கான நட்டஈட்டைக் கோரும் என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். கிரயப் பத்திரத்தில் "இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் கடிதம் இருந்தும் பயனில்லாமல் போகலாம்.